கடல் ஏறாத பள்ளத்தாக்கு: தேனி, கம்பம் வட்டாரத்தை முன்வைத்து அம்மோனைட்டு சேகரிப்பு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தொல்கடல்களில் வாழ்ந்து மறைந்த அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டு உயிரியின் எச்சங்கள் தமிழகத்தில் அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, புதுச்சேரி வட்டாரங்களில் மிகுதியாகக் கிடைக்கின்றன. தேனி மாவட்டத்தின் பாறைகளில் அவை கிடைப்பதற்கு வாய்ப்பில்லை. ஆயினும் சாளக்கிராமமாகவும், கல்லூரிப் பேழையின் மாதிரியாகவும், அலங்காரக் கல்லாகவும் அம்மோனைட்டு அங்கும் வந்து சேர்கிறது. இந்த இன்மைக்கும் வரவுக்கும் உரிய காரணங்களை விளக்கும் இக்கட்டுரை, கிடைத்த இடமும் அடுக்கும் பதிவு செய்யப்படாத எச்சம் எதனை இழக்கிறது என்பதைத் தென்னிந்தியச் சேகரிப்பின் வரலாற்றைக் கொண்டு எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அம்மோனைட்டு, தொல்லுயிர் எச்சம், சார்னோக்கைட்டு, கம்பம் பள்ளத்தாக்கு, ஊட்டத்தூர், சாளக்கிராமம், கடல்கோள்.

முன்னுரை

மேற்கே ஏலமலைத் தொடரும், கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகளும் சூழ, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என வடகிழக்கு நோக்கித் திறந்து செல்வது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப்பெரியாற்று நீர் 1895 முதல் இதன் வழியே வைகையை நோக்கி ஓடுகிறது. திராட்சைத் தோட்டமும் நெல்வயலும் தென்னந்தோப்பும் நிறைந்த இந்நிலத்தில் கடலை நினைவூட்டும் பொருள் எதுவும் இல்லை. எனினும் சுருள் வடிவக் கல்லோ, உருண்டைக் கல்லோ ஓடையில் கிடைத்தால், ‘இங்கும் முன்பு கடல் இருந்தது’ என்னும் பேச்சு எழுவது இயல்பு. அப்பேச்சு எந்த அளவு பொருந்தும் என்பதே இங்கு முதலில் ஆராயத்தக்கது.

அம்மோனைட்டு: உடலும் ஓடும்

அம்மோனைட்டை நத்தை எனக் கூறுவது பொது வழக்கு. உறவு முறையில் அது நத்தையை விடக் கணவாய்க்கும் சாக்குக்கணவாய்க்கும் நெருங்கியது. நத்தை ஓட்டின் உட்புறம் தடையற்ற ஒரே குழல். அம்மோனைட்டின் ஓடு குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகப் பகுக்கப்பட்டது. உயிரி கடைசி அறையில் மட்டும் வாழ்ந்தது. வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவரை எழுப்பிக்கொண்டது. கைவிடப்பட்ட அறைகள் அனைத்தையும் மெல்லிய குழலொன்று இணைத்தது. அதன் வழியே அறைகளின் நீரை வெளியேற்றி வாயுவை நிரப்பித் தன் மிதப்பைச் சீர்செய்துகொள்ள உயிரியால் இயன்றது. இன்றும் வாழும் நாட்டிலசு இதே முறையில்தான் மிதக்கிறது. தோற்றத்தில் அது அம்மோனைட்டை ஒத்திருப்பினும் உறவில் சற்று விலகியது.

அம்மோனைட்டின் உட்சுவர் விளிம்புகள் நேராக இல்லாமல் மடிந்து மடிந்து ஓட்டைத் தொடுகின்றன. மேலோடு தேய்ந்த மாதிரியில் அவ்விளிம்புகள் இலை நரம்பு போலவும் துணியில் இட்ட தையல் போலவும் வரிகளாகத் தெரியும். இத்தையல் வரியின் அமைப்பு இனத்துக்கு இனம் மாறுபடுவதால், சிற்றினத்தை அடையாளம் காண அதுவே முதன்மைச் சான்றாகிறது. களத்தில் எடுத்த கல்லைப் பளபளப்பாக்குவதற்காகத் தேய்ப்போர் பெரும்பாலும் முதலில் அழிப்பதும் இதனைத்தான்.

இவ்வுயிரிகளின் பெருங்குழு ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. குறுகிய பொருளில் அம்மோனைட்டு எனப்படுபவை ஜுராசிக், கிரெடேசியக் காலங்களில் பெருகி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரெடேசியக் காலத்தின் முடிவில் அற்றுப்போயின. தனித்தனிச் சிற்றினங்கள் நிலவியல் கணக்கில் குறுகிய காலமே நிலைத்தன. ஆனால் அவை கடல்வழியே நெடுந்தொலைவு பரவின. ஆகவே ஓர் அடுக்கில் கிடைக்கும் அம்மோனைட்டைக் கொண்டு அவ்வடுக்கின் காலத்தைக் கணித்து, கண்டம் கடந்தும் ஒப்பிட முடிகிறது. கல்வெட்டாய்வில் எழுத்தமைதி செய்யும் பணியைப் பாறையடுக்காய்வில் அம்மோனைட்டு செய்கிறது எனலாம்.

தேனியின் பாறை

தேனி மாவட்டத்தின் அடித்தளமாக அமைந்திருப்பவை சார்னோக்கைட்டும் வரிப்பாறையும். சார்னோக்கைட்டு என்னும் பெயர் கொல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. அக்கல்லை ஆராய்ந்து பெயரிட்டவர் தாமஸ் ஹாலண்டு. சென்னைக்கு அருகில் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் காணப்படும் பாறையே அது. நிலவியலாளர் மதுரைப் பாறைத்தொகுதி என அழைக்கும் பெரும்பரப்பிலும் இப்பாறை விரிந்துள்ளது; போடி மேற்கு மலைகள் அதன் ஒரு பகுதி. நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்குப் பொட்டிப்புரத்தை அடுத்த மலை தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்களுள் ஒன்று, அது பிளவு குறைந்த உறுதியான சார்னோக்கைட்டால் ஆனது என்பதாகும். அத்திட்டம் எழுப்பிய எதிர்ப்புகள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. பாறையின் தன்மையே இங்குக் கருதத்தக்கது.

இப்பாறைகள் நிலமேலோட்டின் ஆழத்தில், பல கிலோமீட்டர் கனமுள்ள பாறையின் அழுத்தத்திலும் 800 பாகை செல்சியசு அளவிலும் அதற்கு மேலும் சென்ற வெப்பத்திலும் உருமாறியவை. மதுரைத் தொகுதியின் இறுதிப் பெரும் உருமாற்றம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. அம்மோனைட்டுகளின் முன்னோர் தோன்றியதோ அதற்குப் பதினைந்து கோடி ஆண்டுகள் கழித்து. எனவே இப்பாறைக்குள் அம்மோனைட்டு இருக்க இயலாது என்பதற்குக் காலமே போதிய காரணம். வெப்பம் இரண்டாவது காரணம். மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் உள்ள படிகச் சுண்ணப்பாறை முன்னொரு காலத்தில் கடலடியில் படிந்ததாகவே இருக்கலாம். ஆயினும் அது முழுவதும் மீள்படிகமாகிவிட்டதால் அதில் ஓட்டின் சுவடு தேடுவது வீண். ‘சுண்ணாம்புக்கல் உள்ள இடத்தில் சிப்பி இருக்கும்’ என்னும் எளிய விதி அரியலூருக்குப் பொருந்தும், மதுரைக்குப் பொருந்தாது.

இப்பழம்பாறையின் மேல் பிற்காலக் கடல் ஏறிப் படிவுகளை விட்டுச்சென்றிருக்கக் கூடாதா என்னும் வினா எஞ்சுகிறது. கோண்டுவானாப் பெருங்கண்டம் பிளவுற்றபோது இந்தியாவின் கிழக்கு விளிம்பில் காவிரிப் படுகை உருவாயிற்று. கிரெடேசியக் காலத்தில் கடல் அப்படுகையில் பலமுறை ஏறி இறங்கியது. அதன் மேற்குக் கரை ஊட்டத்தூர், காரை ஆகிய ஊர்களை ஒட்டி அமைந்தது. அங்குப் படிவுப்பாறை வரிப்பாறையின் மேல் நேரடியாக அமர்ந்திருப்பதைக் காணலாம். தெற்கே இராமநாதபுரம் வரை இப்படுகை நீள்கிறது. அங்குக் கிரெடேசியப் படிவுகள் நிலத்தடியில் ஆழப் புதைந்துள்ளன. கரைக்கு மேற்கே இருந்த பழம்பாறை மேட்டுநிலங்கள் கடலுக்கு மணலும் களியும் அளித்த நிலங்கள். தேனி அந்த மேட்டுநிலப் பக்கத்தைச் சேர்ந்தது. அதன் மலைகளில் தோன்றும் வைகை, கடற்படிவுகள் புதைந்த இராமநாதபுரத்து நிலத்தின் மேல் இன்று தன் மணலைக் கொண்டு சேர்க்கிறது.

பள்ளத்தாக்கில் எச்சமென மயக்கும் கற்கள் சில உண்டு. சார்னோக்கைட்டு சிதையும்போது வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்து உருண்டையாக எஞ்சும். வரிப்பாறையின் கறுப்பும் வெளுப்புமான பட்டைகள் மடிந்து சுருள் போலத் தோன்றும். செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் அடியில் திரளும் சுக்கான்கல் முட்டை, கிழங்கு, கிளை எனப் பல வடிவம் கொள்ளும். இவற்றுள் எதிலும் அறைப் பகுப்பும் தையல் வரியும் இரா. ஐயம் எழும்போது கல்லை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கைவில்லை ஒன்று போதும்.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. தேனி மாவட்டத்தில் உண்மையான அம்மோனைட்டு ஒன்று கண்ணில் பட்டால், அது யாரோ ஒருவரால் கொண்டுவரப்பட்டது. ஆகவே அங்கு எழுப்பத்தக்க வினா, ‘இது எவ்வழியே வந்தது’ என்பதே.

மூன்று வழிகள்

முதல் வழி வழிபாடு. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களுள் பெரும்பாலானவை, ஜுராசிக் காலத்துத் தெத்திசுக் கடலின் கருங்களிப்பாறையில் உருவான உருண்டைகள். உள்ளே அம்மோனைட்டின் சுருளோ அதன் அச்சோ இருக்கும். வைணவ மரபு அதனைச் சக்கரமாகக் கொண்டு திருமாலின் உருவாகப் போற்றுகிறது. துளையின் அமைப்பு, சக்கரங்களின் எண்ணிக்கை, நிறம் ஆகியவற்றைக் கொண்டு இலட்சுமி நாராயணன், நரசிம்மன், வாமனன் எனப் பெயர் வேறுபடுத்தும் முறை அம்மரபில் உண்டு. வேறு நோக்கில் எழுந்ததாயினும், சுருளை உற்று நோக்கி வகைப்படுத்திய பழைய முயற்சி என்ற அளவில் அது தனி ஆய்வுக்குரியது. முக்திநாத் தலம் திருச்சாளக்கிராமம் என்னும் பெயரில் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. திருமங்கையாழ்வார் அதனைப் பாடியுள்ளார். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமியின் திருமேனி 12,008 சாளக்கிராமங்களால் ஆனது என்பது கோயில் மரபு. கம்பராயப் பெருமாள் கோயில் கொண்டுள்ள கம்பத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வீட்டுப் பூசையறையில் ஒரு சாளக்கிராமம் இருந்தால், அது இமயத்தில் உறைந்த, ஏறத்தாழ 15 கோடி ஆண்டு முந்திய கடலின் துண்டு.

இரண்டாவது வழி கல்வி. நிலவியல், விலங்கியல் மாணவர் அரியலூர்ச் சுற்றுலாவிலிருந்து கொண்டுவரும் மாதிரிகள் துறைப் பேழைகளில் இடம்பெறுகின்றன. மூன்றாவது வழி வணிகம். குறுக்கே அறுத்து மெருகேற்றிய மடகாசுகர் அம்மோனைட்டுகள் உலகெங்கும் அலங்காரப் பொருளாக விற்கப்படுகின்றன. அரியலூர்ச் சுண்ணப்பாறை சிமென்டாகிப் பல மாவட்டங்களுக்கும் செல்வதை எண்ணினால், பெயரறியா நான்காவது வழியும் ஒன்று உண்டு. அதில் சிப்பி சுண்ணாம்பாகவே வந்து சேர்கிறது.

ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடகிழக்கே

தேனியிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் அரியலூர் வட்டாரம் உள்ளது. இங்குள்ள பாறையடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக 1862-இல் வகுத்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு. பின்வந்தோர் அவற்றை மேலும் பகுத்தபோது காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு எனத் தமிழ்ச் சிற்றூர்களின் பெயர்களே அடுக்குகளின் பெயர்களாயின. அயல்நாட்டு நிலவியல் நூல்களில் இவ்வூர்கள் பெற்றுள்ள இடம், ஊர்ப்பெயராய்வில் இன்னும் கவனிக்கப்படாத ஒன்று.

பெரம்பலூர் மாவட்டம் காரையில் நிலம் செடிகொடி அற்று, மழைநீர் அரித்த ஓடைகளாகப் பிளந்து கிடக்கிறது. களிமண்ணில் ஜிப்சத் தகடுகள் மின்னும். துப்பாக்கிக் குண்டு போன்ற கூர்நுனிக் கற்கள் பெலம்னைட்டு என்னும் கணவாய் உறவினத்தின் எச்சங்கள். பாசுபேட்டு உருண்டைகளும் அம்மோனைட்டுத் துண்டுகளும் அவற்றோடு கலந்திருக்கும். மழைக்காலம் முடிந்தவுடன் புதியன வெளிப்படுவதால் சேகரிப்போர் அப்பருவத்தையே நாடுவர். ஆனால் ஓடையின் அடியில் உருண்டு கிடப்பது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதைக் கல் சொல்லாது. சரிவில் மேலேறி, அது பெயர்ந்த இடத்தைக் காண்பதே களப்பணியின் கடினமான பகுதி. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதுவே.

பொருளறியா ஆர்வம் விளைக்கும் குழப்பத்துக்குக் குன்னம் நிகழ்வு சான்று. 2020-இல் அவ்வட்டாரத்தில் நீர்நிலை தோண்டியபோது வெளிப்பட்ட பெரிய உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் எனச் செய்தி பரவியது. பார்வையிட்ட வல்லுநர்கள் அவை அம்மோனைட்டு உள்ளிட்ட கடலுயிர் எச்சங்களைச் சார்ந்த படிவுக்கற்கள் என விளக்கினர். இத்தனைக்கும் அரியலூர்க் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் உண்மையாகவே கிடைத்துள்ளன. கடலடுக்கு எது, நிலவடுக்கு எது என்னும் வேறுபாடு தெரிந்திருந்தால் இரண்டையும் குழப்ப நேராது.

அடுக்கறியாச் சேகரிப்பு: ஒரு வரலாற்றுப் பாடம்

தென்னிந்திய அம்மோனைட்டுகள் அறிவுலகின் பார்வைக்கு முதலில் வந்தது சென்னைக் குடிமைப் பணியில் இருந்த கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரித்த மாதிரிகளால். இலண்டனுக்குச் சென்ற அவற்றை எட்வர்டு ஃபோர்ப்சு ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். தாம் புதிதாகக் கண்ட சிற்றினங்கள் சிலவற்றுக்குப் பிரம்மா, விஷ்ணு, இந்திரன், கணேசன் எனப் பெயர் சூட்டினார். சாளக்கிராமத்தில் திருமாலைக் கண்ட மரபுக்கு அப்பால், இலத்தீன் பெயரிடலிலும் விஷ்ணு அம்மோனைட்டில் குடியேறியது இவ்வாறுதான். ஃபோர்ப்சு இந்திரன் பெயரிட்ட சிற்றினம் பின்னர் ஐரோப்பா, ஆத்திரேலியா, அண்டார்க்டிகா எனத் தொலைநிலங்களிலும் அடையாளம் காணப்பட்டது.

ஃபோர்ப்சு இந்தியாவிற்கு வந்தவரல்லர். அவர்முன் இருந்தவை பேழையில் வந்த கற்கள். ஐரோப்பிய அம்மோனைட்டுகளோடு ஒப்பிட்டு, புதுச்சேரி அடுக்குகளைக் கிரெடேசியத்தின் தொடக்கத்தைச் சார்ந்தவை எனவும், மற்ற இரண்டு இடங்களின் அடுக்குகளை அவற்றுக்குப் பிந்தியவை எனவும் கணித்தார். இக்கணிப்பு நிலைக்கவில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா 1860-களில் தென்னிந்திய அம்மோனைட்டுகளை விரிவாக வண்ணித்து நூலாக்கினார். அந்நூல் இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. எனினும் புதுச்சேரிச் சிக்கல் தீரவில்லை. 1890-களில் வார்த் என்பவர் புதுச்சேரி வட்டாரத்தில் அடுக்கடுக்காகப் பிரித்துச் சேகரித்தார். அம்மாதிரிகளைக் கொண்டு வியன்னாவின் ஃபிரான்சு காசுமாட்டு 1895 முதல் 1898 வரை வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியக் கிரெடேசியத்தின் காலவரிசையைப் புதிதாக நிறுவியது. வழுதாவூரை உள்ளிட்ட புதுச்சேரி அடுக்குகள் கிரெடேசியத்தின் இறுதிக் கட்டத்தைச் சார்ந்தவை என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு. முதற்கணிப்புக்கும் இதற்கும் இடையே உள்ள தொலைவு 6 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

ஃபோர்ப்சின் கூர்நோக்கில் குறை இருந்ததாகக் கருத இடமில்லை. அவர் வகுத்த சிற்றினங்கள் பல இன்றும் நிற்கின்றன. அவர் பெற்ற கற்களுடன் அடுக்கின் வரிசை வரவில்லை. வார்த் அனுப்பியவற்றில் அது இருந்தது. ஒரே மண்ணில் ஐம்பது ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு சேகரிப்புகளுக்கு இடையிலான முதன்மை வேறுபாடு அதுதான்.

இன்றைய சேகரிப்பாளரின் கையேட்டில் இருக்க வேண்டியவை மிகச் சில. எடுக்கும் முன் கல் இருந்த நிலையிலேயே அளவுகோலுடன் படம், செயற்கைக்கோள் வழிப்பட்ட இட அளவை, அடுக்கின் நிறம், பருமன், மேலும் கீழும் உள்ளவை, நாள். கல்லின் மேலேயே அழியா மையில் எண். அமிலத்தால் கழுவுதல் கூடாது; ஓடு சுண்ணத்தால் ஆனது, பாறையோடு ஓடும் கரையும். சுரங்க நிலத்திலும் தனியார் நிலத்திலும் உரியோர் இசைவு தேவை. நிலவியல் மரபிடங்களையும் எச்சங்களையும் காப்பதற்கான சட்ட வரைவு ஒன்றை நடுவண் அரசின் சுரங்க அமைச்சகம் 2022-இல் வெளியிட்டது. சட்டம் சொல்வது ஒருபுறமிருக்க, அரிய மாதிரி கிடைத்தால் அதனை வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம் போன்ற பொது நிறுவனத்தில் சேர்ப்பதே ஆய்வுக்கு உதவும். சுண்ணப்பாறைச் சுரங்கங்கள் புதிய வெட்டுமுகங்களைத் திறந்து காட்டுகின்றன. அடுத்த வெட்டில் அவற்றையே அகற்றியும் விடுகின்றன. இவ்விடைவெளியில் பதிவு செய்யப்படாதது மீண்டும் கிடைக்காது.

கடல்கோள் குறித்து ஒரு சொல்

தமிழாய்வாளர் கவனத்திற்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. உள்நாட்டில் கிடைக்கும் கடலுயிர் எச்சங்களை, இறையனார் களவியல் உரை முதலியவை கூறும் கடல்கோளோடு இணைத்துப் பேசும் போக்கு மேடைகளிலும் சில நூல்களிலும் காணப்படுகிறது. காரையின் அம்மோனைட்டு ஏறத்தாழ 10 கோடி ஆண்டு பழமையுடையது. மாந்த இனமாகிய நம் சிற்றினத்தின் வயதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். இரண்டுக்கும் இடையே உள்ள விகிதம் முந்நூறு மடங்குக்கும் மேல். கடல்கோள் மரபின் உண்மையை ஆராய்வோர் கடற்கரைப் படிவுகளையும் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளின் கடல்மட்ட மாற்றங்களையும் நோக்க வேண்டும். அம்மோனைட்டு அதற்குச் சான்றாகாது, எதிர்ச்சான்றும் ஆகாது. அது வேறொரு கடலின் செய்தி.

தேனியிலிருந்து தொடங்கத்தக்க பணி

தேனி வட்டாரக் கல்லூரிகளில் எச்ச மாதிரிகள் இருப்பின், அவற்றின் அடையாளச் சீட்டுகளை முதலில் பார்க்க வேண்டும். ‘அம்மோனைட்டு, கிரெடேசியம்’ என்று மட்டும் எழுதிய சீட்டு ஃபோர்ப்சு பெற்ற பேழையின் நிலையிலேயே உள்ளது. சுற்றுலாவை நடத்திய ஆசிரியர் இருக்கும்போதே ஊரும் ஓடையும் கேட்டு எழுதிவிடலாம். களக்குறிப்பேடு எங்கேனும் இருந்தால் எண்ணோடு ஒப்பிடலாம். மாதிரியில் ஒட்டிய பாறைத்துகளும் உதவும்: வெளிர்பழுப்புக் களியும் ஜிப்சமும் காரையை நினைவூட்டும், கருங்களி உருண்டை இமயத்தைச் சுட்டும், அறைகளில் படிகம் நிறைந்து இருபுறமும் மெருகேறியது வணிகவழி வந்தது.

வீட்டுச் சாளக்கிராமத்தைப் பொறுத்தவரை அணுகுமுறை வேறு. அது வழிபாட்டுப் பொருள். தேய்க்கவோ உடைக்கவோ மாதிரி கேட்கவோ ஆய்வாளருக்கு உரிமையில்லை. ஆனால் அதனைக் கொண்டுவந்தவர் யார், எந்த ஆண்டு, முக்திநாத்திலிருந்தா காசிக் கடைத்தெருவிலிருந்தா, எத்தனை தலைமுறையாகக் கைமாறியது என்பவற்றைக் குடும்பத்துப் பெரியவர்கள் அறிந்திருப்பர். அவர்கள் சொல்வதை எழுதிவைத்தால், பாறையில் விடுபட்டுப்போன இடக்குறிப்பின் ஒரு பகுதி நினைவிலிருந்தேனும் மீளும்.